ஒன்றரைச் சுற்றில் நின்ற அடாப்டர்

1. காலை ஆறு பத்து

"அண்ணே, ரிங்கு ஒன்றரைச் சுத்துக்கு மேல போகமாட்டேங்குது."

காலை ஆறு பத்துக்கு வந்த போன். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பேசியவள் காளீஸ்வரி. பாம்பனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். அவள் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. அதற்கும் பின்னால் ஒரு வள்ளத்து இன்ஜின் ஓடுகிற சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"எங்கன நிக்கிற தாயி?"

"தெற்குவாடிக் கரையில. அந்தப் படகு வந்துருச்சுண்ணே. இவரு வள்ளத்தை எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு."

வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுக் கடைக்கு ஓடினேன். வீட்டுக்கு முன்பக்கமேதான் கடை, பத்து எட்டு வைத்தால் போதும். அதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பயம்தான், வேறொன்றுமில்லை. அவள் கையில் இருந்த அந்த ரிங்கைக் கொடுத்தவன் நான்.

2. நடுவில் ஒரு ரிங்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன் என்பதால், என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்தில் முப்பத்தொரு வருடமாகக் கேமரா சர்வீஸ் பார்க்கிறேன். பிறந்தது அபிராமம், மிளகாய்க் காட்டுக் குடும்பம். கடலுக்கும் எனக்கும் ஆகாது. படகில் கால் வைத்தாலே குடல் புரட்டும். ஆனால் என்னிடம் வரும் கேமராக்களில் பாதி கடற்கரைக் கேமராக்கள். உப்புக்காற்று தின்ற ஸ்குரூவைக் கழற்றிக் கழற்றியே என் விரல் நகம் தேய்ந்துவிட்டது.

ஏழெட்டு வருடமாக என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் அடாப்டர் கேட்டுத்தான் வருகிறார்கள். பெட்டியில் கிடந்த பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்ட வேண்டும். கல்யாண போட்டோ எடுக்கிற தம்பிகளுக்கு அதில் ஒரு பைத்தியம். "லென்ஸ் இருக்கு, பாடி இருக்கு, நடுவுல ஒரு ரிங்குதானண்ணே" என்பார்கள். பெண் இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறான், நடுவில் தாலிதானே என்று யாராவது சொல்வார்களா? எனக்குக் கோபம் வந்துவிடும். ரிங் என்பது அலங்காரம் இல்லை, அளவு.

எந்த லென்ஸானாலும் அதன் பின்வாய்க்கும் கேமராவுக்குள் படம் விழுகிற சென்சாருக்கும் நடுவே இவ்வளவு தூரம் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. செய்த அன்றே அது முடிவாகிவிடும். புதுக் கேமராக்கள் ஒல்லியானவை, அந்தத் தூரம் அவற்றில் கிடையாது. குறைகிற தூரத்தை நிரப்பத்தான் அடாப்டர். மூக்குக் கண்ணாடியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், ஓரிடத்தில்தான் எழுத்து தெளியும். அதே கதைதான் இங்கேயும். அடாப்டர் தடித்துப்போனால் தூரத்துப் பொருள் ஜென்மத்துக்கும் ஃபோகஸ் ஆகாது. மெலிந்துபோனால் அவ்வளவு மோசமில்லை. லென்ஸில் போட்டிருக்கிற குறி பொய் சொல்லும், ஆனால் தேடினால் ஃபோகஸ் எங்கேயாவது கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதனால் என் கடையில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். லென்ஸைக் கையில் வாங்காமல் ரிங் கொடுப்பதில்லை. வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி, திருகு மரையில் நகத்தை ஓட்டிப் பார்த்த பிறகுதான் டப்பாவைத் திறப்பேன். இத்தனை வருடமும் அப்படியே செய்தேன். காளீஸ்வரிக்கு மட்டும் செய்யவில்லை.

3. அவளுக்கு ஏன் வேண்டியிருந்தது

எங்கள் கரையில் ஓர் ஏற்பாடு உண்டு. விசைப்படகு கடலுக்குப் போகும் நாள் வேறு, நாட்டுப்படகு போகும் நாள் வேறு. வாரத்தைப் பிரித்துக்கொண்டு தொழில் செய்கிறார்கள். இல்லாவிட்டால் பெரிய படகு இழுக்கிற மடிவலையில் சின்னப் படகின் வலை சிக்கிக் கிழிந்துபோகும். ஆளுக்கு ஆள் குறை சொன்னாலும் பெரும்பாலும் எல்லாரும் இதை மதிப்பார்கள்.

ஒரே ஒரு விசைப்படகு மதிக்கவில்லை. நாட்டுப்படகு நாளில், அதுவும் கரைக்குப் பக்கத்திலேயே வந்து மடி இழுத்தது. காளீஸ்வரியின் வீட்டுக்காரர் நாகராசு வைத்திருப்பது வள்ளம், நாட்டுப்படகிலேயே சின்னது. இரண்டு தடவை அவன் வலையை அது வாரிக்கொண்டு போயிருக்கிறது. மூன்றாவது தடவை போனில் படம் எடுக்கலாம் என்று அவன் கிட்டே போனான். அந்தப் படகில் இருந்தவர்கள் கல்லால் அடித்தார்கள். போன் கடலுக்குள் போனது. கல் பட்டு அவனுக்கு முழங்கைக்குக் கீழே பிளந்தது, தையல் போட்டார்கள்.

புகார் சொல்லப் போன மீன்துறை ஆபீஸில் அதிகாரி நியாயமாகத்தான் பேசியிருக்கிறார். "நம்பர் தெரியிற மாதிரி ஒரு போட்டோ கொண்டாங்க. மறுநாளே கூப்பிட்டு விசாரிக்கிறேன்" என்றாராம். அங்கேதான் சிக்கல். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா விசைப்படகும் ஒன்றுபோல இருக்கும். வள்ளத்தில் கிட்டே போனால் அது பின்பக்கத்தைக் காட்டும், பின்பக்க நம்பர் மேல் பழைய வலையைத் தொங்கவிட்டிருப்பார்கள். பக்கவாட்டில் எழுதியிருக்கும் நம்பர் கரையில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். அதுவும் முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால்.

நாகராசு சத்தம் போடுகிற ஆள் இல்லை. அமைதியாகச் சொன்னானாம்: "அடுத்த தடவ வந்தா அந்தப் படகுல ஏறிருவேன். கத்தி எங்கிட்டயும் இருக்கு." அந்தப் படகில் ஏழு பேர். அடியில் படகைத் தள்ளுகிற இரும்பு விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். ஏறப் போய்க் கால் தவறினாலும் போச்சு, தவறாமல் ஏறினாலும் போச்சு.

காளீஸ்வரி அவன் கையில் வேறொரு பழைய போனைக் கொடுத்து ஒரு பேரம் பேசினாள். கரையில் நின்று நான் போட்டோ எடுப்பேன். நம்பர் விழுந்துவிட்டால் போன் பண்ணுவேன், அந்த நிமிடமே நீ திரும்பிவிட வேண்டும். அவன் ஒத்துக்கொண்டான். "விழலேன்னா?" என்று மட்டும் கேட்டானாம். "விழும்" என்றாளாம் இவள்.

அவள் கேமரா புதுசு. அதோடு வந்த லென்ஸ் கல்யாண மேடைக்குக் காணும், கடலுக்குக் காணாது. ஆனால் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் சாமான்களை அவள் மொத்தமாக எடுத்ததில் ஐந்நூறு மில்லிமீட்டர் நீள லென்ஸ் ஒன்று கிடைத்திருந்தது. குழாய் மாதிரி இருக்கும். எனக்குப் போன் செய்தாள்.

"பின்வாயி மரை போட்டதுண்ணே. ஸ்கேலு வச்சுப் பாத்தேன், நாப்பத்திரண்டு மில்லி."

"நாப்பத்திரண்டா? அது எம்-42 மரைதான். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துத் தருவேன். லென்ஸைத் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வராத."

அப்படித்தான் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே எடுத்து, பேப்பரில் சுற்றி, ராமேஸ்வரம் போகிற பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். அவள் வருகிற சிரமத்தை மிச்சப்படுத்திய பெருமை வேறு. பெருமை பிடித்தவனுக்குத்தான் எருமை எதிரில் வரும்.

4. படுத்த எட்டு

மறுபடியும் அந்தக் காலைக்கு வருகிறேன்.

"ஒன்றரைச் சுத்துல நிக்குதா? திருப்பிக் கழட்டிப் பாரு."

"கழலவும் மாட்டேங்குது. ராத்திரியே மாட்டிப் பாத்திருக்கணும். புள்ளைக்குக் காய்ச்சல்னு விட்டுட்டேன்."

"சரி, இருக்கட்டும். கேமராவுல என்ன காட்டுது?"

"லென்ஸ் இல்லேன்னு காட்டுது. கிளிக் ஆகமாட்டேங்குது."

இது என் இரண்டாவது தப்பு. பழைய லென்ஸ் கேமராவோடு பேசாது. லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொண்டு கேமரா படம் எடுக்க மறுக்கும். ரிங்கை அனுப்பும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மெனுவுக்குள் போகச் சொன்னேன், 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதைத் தேடச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மீன்பெட்டி மேல் வைத்துவிட்டு அவள் தேடினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்தது.

"ஆயிருச்சுண்ணே. ஆனா ஒண்ணுமே தெரியல. புகை மூட்டமா இருக்கு."

"லென்ஸுல குறி எதுல வச்சிருக்க?"

"படுத்த எட்டுல."

படுத்த எட்டு என்றால் இன்ஃபினிட்டி, கண்ணுக்கெட்டிய தூரம். கடலுக்கு அதுதான் சரி. சரியான இடத்தில் வைத்தும் புகை என்றால் ரிங் தப்பு. மரை ஒன்றரைச் சுற்றில் நிற்கிறது, வாய் அளவோ நாற்பத்திரண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

டி மவுண்ட் என்று இன்னொரு ஜாதி உண்டு. அதன் வாயும் அச்சாக நாற்பத்திரண்டு மில்லிதான். மரைதான் வேறு. எம்-42 மரையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரு மில்லி இடைவெளி, டி மவுண்டில் முக்கால் மில்லி. ஸ்கேலில் வித்தியாசம் தெரியாது. ஒன்றை இன்னொன்றில் திருகினால் முதலில் ஏறும், ஒன்றரைச் சுற்றில் கடித்துக்கொண்டு நின்றுவிடும். பழைய நீள லென்ஸ்களில் முக்கால்வாசி டி மவுண்ட். ஐந்நூறு மில்லி என்று அவள் சொன்னதுமே எனக்குத் தட்டியிருக்க வேண்டும். நகத்தை ஓட்டியிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

"அண்ணே, இவரு பாதித் தூரம் போயிட்டாரு. என்னண்ணே செய்ய?"

மூளை ஓடவில்லை. கன்னத்தில் நானே ஒரு அடி போட்டுக்கொண்டேன். கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடந்த ஒரு கவரின் முதுகில் எழுதினேன். டி மவுண்ட் லென்ஸுக்கு வேண்டிய தூரம் ஐம்பத்தைந்து மில்லி. என் எம்-42 ரிங் கொடுப்பது நாற்பத்தைந்தரை. ஒன்பதரை மில்லி குறைவு. மரை முழுசாக ஏறாமல் ஒரு மூன்று மில்லி வெளியே நிற்கும், அது நமக்கு லாபம். போக ஆறரை மில்லி குறைவு.

குறைவுதான், கூடுதல் இல்லை! அப்படியானால் ஃபோகஸ் எங்கோ இருக்கிறது, குறிதான் பொய் சொல்கிறது. ஐந்நூறு மில்லி லென்ஸில் ஆறரை மில்லியை ஈடுகட்ட, குறியை ஏறக்குறைய நாற்பது மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும்.

"காளீஸ்வரி, படுத்த எட்டை மறந்துரு. முப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல கொண்டா."

"படகு முக்கால் கிலோமீட்டரு தள்ளி நிக்கிதுண்ணே. முப்பது மீட்டர்லயா வைக்கச் சொல்றீக?"

"நான் சொல்றதச் செய்யி தாயி. மெதுவாத் திருப்பு."

காற்று மட்டும் கேட்டது. பிறகு அவள் கத்தினாள்.

"தெரியுதுண்ணே! ஆளு தெரியுது. கயித்த இழுக்கான்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அது அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"ஒரு ஓரம் தெளிவா இருக்கு, மறு ஓரம் மங்குது. லென்ஸு தொங்குதுண்ணே."

கோணலாகக் கடித்த மரை. அவ்வளவு கனமான லென்ஸை ஒன்றரைச் சுற்று மரை பிடித்துக்கொண்டிருக்கிறது. விட்டால் மண்ணில் விழும். பக்கத்தில் கிடந்த வலைக் குவியலை அடியில் கொடுக்கச் சொன்னேன். நைலான் கயிற்றால் லென்ஸையும் கேமராவையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன். வலை கட்டுகிற வீட்டுப் பெண் இல்லையா, கண் மூடித் திறப்பதற்குள் கட்டிவிட்டாள்.

"தெளிவா இருக்கிற ஓரத்துக்கு நம்பரைக் கொண்டா. பெருசுபண்ணிப் பாத்துக்கிட்டே அடி."

"படகு ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குதுண்ணே." கிளிக், கிளிக் என்று கேட்டது. "எழுத்துத் தெரியுது. முதல் மூணு நம்பரும் தெரியுது. கடைசி ஒண்ணுதான் பிடிபடல. காத்துல ஆடுது."

"நாகராசு எங்க?"

"கிட்டப் போயிட்டாருண்ணே. அந்தப் படகுல எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க."

இங்கே நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"விழுந்துருச்சுன்னு சொல்லு. போனைப் போட்டு, நம்பர் விழுந்துருச்சுன்னு சொல்லி முதல்ல ஆளைத் திருப்பு."

"பொய்யா சொல்லச் சொல்றீக? ஒரு தடவ பொய் சொல்லிட்டா, நாளைக்கி நெசமாவே விழுந்தாலும் அவரு நம்பணும்ல?"

"நாளைக்கி ஆளு இருக்கணும்ல தாயி!"

போன் கட்டாகிவிட்டது.

5. இருபத்திரண்டு நிமிடம்

அவள் கட் பண்ணினாளா, தானாக அறுந்ததா, எனக்குத் தெரியாது. திரும்ப அடித்தேன். லைன் பிஸி. மறுபடி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நான்காவது தடவைக்கு மேல் அடிக்கவில்லை. ஒருவேளை நாகராசு அவளைக் கூப்பிடும் நேரமாக இருந்தால், நடுவில் நான் ஏன் நந்தி மாதிரி நிற்க வேண்டும்?

கடையில் லைட்டைக்கூடப் போடவில்லை. எதிரே சுவர் முழுக்க நான் ஒழுங்காக அடுக்கி, பெயர் ஒட்டி வைத்திருந்த அடாப்டர் டப்பாக்கள். எந்த லென்ஸ், எந்தக் கேமரா, எத்தனை மில்லி என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். 'டி மவுண்ட்' என்று நான் ஒட்டிய சீட்டு கண்ணுக்கு நேரே, எம்-42 டப்பாவுக்குப் பக்கத்து டப்பாவில் இருந்தது. கையை அரை அடி தள்ளி நீட்டியிருந்தால் போதும். எனக்கு என் மேல் வந்த அருவருப்பைச் சொல்லி மாளாது.

மனம் நல்லதை நினைக்கவே மாட்டேன் என்றது. வள்ளம் கவிழ்வதாக நினைத்தேன். விசிறியை நினைத்தேன். காய்ச்சலில் கிடக்கிற அந்தப் பிள்ளையை நினைத்தேன். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கணக்காகச் சொல்கிறேன், இருபத்திரண்டு நிமிடம் கழித்துத்தான் போன் வந்தது.

"திரும்பிட்டாருண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள், வைத்துவிட்டாள். நான் டி மவுண்ட் டப்பாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ராமேஸ்வரம் பஸ் ஏறினேன்.

6. மூணா, எட்டா

நான் போய்ச் சேர்ந்தபோது நாகராசு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றிருந்தான். குளித்திருக்கவில்லை, கைலியில் உப்பு காய்ந்திருந்தது. கையில் தையல் போட்ட இடம் சிவந்திருந்தது. விழுந்துவிட்டது என்று அவள் போனில் சொன்ன நம்பர் எங்கே என்று அவன் கரைக்கு வந்ததுமே கேட்டிருக்கிறான். "அண்ணன் வந்து பெருசுபண்ணிக் காட்டுவாரு" என்று அவள் சமாளித்து வைத்திருந்தாள். ஆக, பாரம் என் தலையில்.

படங்களைத் திறந்தாள். நாற்பதுக்கு மேல் எடுத்திருந்தாள். அந்த நிலைமையில் வேறு யாராலும் அவ்வளவு எடுத்திருக்க முடியாது. ஒவ்வொன்றாகப் பெரிதுபண்ணிப் பார்த்தோம். எழுத்துகளைப் படிக்க முடிந்தது. முதல் மூன்று எண்களும் சரி. நான்காவது எண் எல்லாப் படத்திலும் ஊறிப்போன அப்பளம் மாதிரி இருந்தது.

"மூணாண்ணே, எட்டாண்ணே?" என்றான் நாகராசு. "மூணுல முடியிறதும் ஒரு படகு இருக்கு, எட்டுல முடியிறதும் ஒரு படகு இருக்கு. ரெண்டும் ராமேஸ்வரத்துலதான் கெடக்கு. நீங்க சொல்லுங்க, எழுதிக் குடுத்துருவோம்."

காளீஸ்வரி என்னைப் பார்த்தாள். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அவள் சொன்ன பொய் பொய்யாகாது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. தப்பாகப் போனால் ஒரு பாவமும் அறியாத படகுக்காரன் மாட்டுவான். நான் நெடுநேரம் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பார்க்காததைப் பார்த்த மாதிரிச் சொன்னதன் லட்சணம் டி மவுண்ட் டப்பாவாகப் பைக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

"தெரியலப்பா. மூணுன்னும் சொல்ல முடியாது, எட்டுன்னும் சொல்ல முடியாது."

"அப்ப நம்பர் விழல."

"விழல. தப்பு எம்மேலதான். லென்ஸைப் பாக்காம தப்பான ரிங்கைக் குடுத்துட்டேன்."

அவன் என்னைத் திட்டவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தலையைக் குனியவில்லை, அவனையே நேராகப் பார்த்தாள். கடைசியில் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை. "இனிமே நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டாருண்ணே" என்றாள். வேலையைப் பார்த்தேன்.

கடித்துக்கொண்ட மரையைப் பலம் போட்டுக் கழற்றக் கூடாது. சைக்கிள் டியூப்பில் ஒரு பட்டை வெட்டி ரிங்கில் சுற்றிப் பிடித்து, மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றினேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. ரிங்கின் மரை பல் தேய்ந்து போயிருந்தது. லென்ஸின் மரை நல்லவேளையாகத் தப்பித்தது. டி மவுண்ட் ரிங்கைத் திருகினேன். தண்ணீர் மாதிரி ஓடி, கடைசி வரைக்கும் போய் உட்கார்ந்தது.

கரைக்குக் கொண்டுபோய்ப் பாலத்துப் பக்கம் திருப்பி, பாலத்தில் போகிற பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற நம்பரைப் படிக்கச் சொன்னேன். படுத்த எட்டில் வைத்துக்கொண்டு காளீஸ்வரி ஐந்து பஸ்ஸின் நம்பரைத் தடுமாறாமல் படித்தாள். அதற்குப் பிறகுதான் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

7. ஒன்பதாம் நாள்

ஒன்பது நாள் கழித்து அந்தப் படகு மறுபடியும் வந்தது. அதுவும் நாட்டுப்படகு நாள்தான். எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாகராசு அன்று வள்ளத்தை எடுக்கவில்லை. வலைக் குவியலுக்குப் பதிலாக, தையல் போட்ட கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். கடைசி எண் எட்டு. படகின் பெயர்கூட விழுந்திருந்தது. படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அந்த அதிகாரி சொன்னபடியே மறுநாள் கூப்பிட்டு விசாரித்தார். அதன் பிறகு நாட்டுப்படகு நாளில் அந்தப் படகை யாரும் பார்க்கவில்லை.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆடி மாதக் காற்று அடங்கிய பிறகு ஒருநாள் லென்ஸில் உப்புப் பூத்திருக்கிறது என்று நாகராசு அதைக் கடைக்கு எடுத்துவந்தான். நான் துடைத்துக்கொண்டிருந்தேன், அவன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தான். எனக்கு ரொம்ப நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏப்பா, அன்னைக்கி அவ போன்ல சொன்னது பொய்யின்னு அங்கனயே தெரிஞ்சிருந்தா ஏறியிருப்பியா?"

அவன் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தான்.

"தெரியாமயாண்ணே? எம் பொண்டாட்டி கொரலு எனக்குத் தெரியாதா? விழுந்துருச்சுங்கன்னு சொல்றப்பவே கொரலு நடுங்குது. நெசமா விழுந்திருந்தா குதிச்சிருப்பால்ல."

"அப்பறம் ஏன் திரும்புன?"

டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"வள்ளத்துல எங்கூட வந்த ரெண்டு பேரும் எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தாங்கண்ணே. ஏறுவேன் ஏறுவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். கிட்டப் போனப்பறம் அந்த விசிறி தண்ணியக் கிழிக்கிறதப் பாத்தேன். கையி காலெல்லாம் ஓடல. நானாத் திரும்புனா பயந்துட்டான்னு ஆயிரும். என்ன செய்யன்னு தெரியாம நிக்கிறேன், போனு அடிக்குது. அதத்தாண்ணே நானும் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்."

"இத அவகிட்டச் சொன்னியா?"

"அன்னைக்கி ராவே சொல்லிட்டேன். அழுதா. ஏண்டா முன்னாடியே சொல்லலேன்னு நாலு போடு போட்டா."

லென்ஸைத் துடைத்துக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "வாரேண்ணே" என்று கிளம்பிப் போய்விட்டான்.

என் கடை வாசலில் இப்போது ஒரு பலகை இருக்கிறது: 'லென்ஸைக் காட்டாமல் அடாப்டர் கேட்காதீர்கள்.' சென்னையிலிருந்து போன் பண்ணி, அளவு சொல்கிறேன், கூரியரில் போடுங்கள் என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். கிழவனுக்குத் திமிர் என்று சொல்கிறார்கள், சொல்லட்டும். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு மில்லிக்கும் முக்கால் மில்லிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிச் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். விளக்குப் போடாத கடையில் அந்த இருபத்திரண்டு நிமிடம் நான் உட்கார்ந்திருந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.